பழங்குடி மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்வது: எண்ணூர், பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் ஆய்வுக்குப் போகும் மாணவர்களும் தொண்டு நிறுவன ஊழியர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். சட்டம் வரும் இடங்களில் பதில் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் பக்கம் பழங்குடியே இருக்காங்களா? மீனவங்களத்தான பாக்கறோம்?

இருக்கிறார்கள். கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம், அங்கிருந்து பழவேற்காடு ஏரி வரைக்கும் உள்ள உப்பங்கழியை நம்பி இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. படகு கிடையாது. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பெண்கள் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீருக்கு மேலே தலை மட்டும்தான் தெரியும். ஆய்வறிக்கைகளில் இவர்கள் விட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் 37. அவர்களில் மிகவும் நலிவுற்றவை என்று அரசு தனியாகக் குறித்திருப்பவை ஆறு. இருளர் அந்த ஆறில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர்.

அப்போ மீனவங்க பழங்குடி இல்லையா? அவங்களும் காலங்காலமா இங்கதான இருக்காங்க?

சட்டப்படி இல்லை. அரசியலமைப்பின் 342-வது பிரிவின் கீழ் வெளியான பட்டியலில் உள்ளவர்களே பழங்குடிகள். கடலோர மீனவச் சமூகங்கள் இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றன. 2007-ல் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஆனால் இந்தியர்கள் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது அரசின் நிலை. அதனால் உங்கள் விண்ணப்பத்தில் "பழங்குடியினர்" என்ற சொல்லையே எழுதுங்கள். "பூர்வகுடி" என்று எழுதினால் கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதே குழம்பிவிடும்.

காகிதம் வேறு, நடத்தை வேறு. கீழே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் மீனவக் குப்பங்களுக்கும் பொருந்தும்.

யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? ஒரு லெட்டர் போதாதா?

நான்கு படி இருக்கிறது. முதலில் உங்கள் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழு. பிறகு பழங்குடியினர் நல இயக்குநர் அல்லது மாவட்ட ஆட்சியர். பிறகு அந்தக் குடியிருப்பு மக்கள் கூடிப் பேசித் தரும் சம்மதம். கடைசியாக ஒவ்வொரு ஆளின் ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் மருத்துவ ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் சமூக ஆய்வுக்கும் பல கல்லூரிகள் அவற்றையே பின்பற்றுகின்றன. கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருக்கலாம், கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் கமிட்டியே இல்லையென்றால், வேறொரு நிறுவனத்தின் கமிட்டியோடு எழுத்துபூர்வமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பலர் மாட்டிக்கொள்வது மாவட்ட எல்லையில். திருவொற்றியூர் வட்டம் 2018-லிருந்து சென்னை மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, மீஞ்சூர், பழவேற்காடு எல்லாம் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். கழியின் இரண்டு கரையிலும் வேலை என்றால் இரண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே மீன், சேறு, தண்ணீர் எதை மாதிரியாக எடுப்பதானாலும் வனத்துறையிடம் தனி அனுமதி. எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி எண் இல்லாத மனு எங்கே போனாலும் திரும்பி வரும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

ஊர்த் தலைவர் சரின்னுட்டார். அவரே ஆள் அனுப்பறேன்னார். அது போதும்ல?

போதாது. இந்தக் கரையில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். "ஊர்த் தலைவர்" என்று நீங்கள் சொல்பவர் அநேகமாகக் குப்பத்தின் கிராம நிர்வாகி. மீனவர்கள் தங்களுக்குள் எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். பழவேற்காட்டில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. இருளர்கள் அந்தப் பாடு முறைக்கு வெளியே இருப்பவர்கள். அதே தண்ணீரில், அந்த முறைக்குள் இருக்கும் மீனவர்களின் தயவில் இறங்குகிறவர்கள். குப்பத்து நிர்வாகி அனுப்பிய ஆளோடு நீங்கள் போய் நின்றால், இருளர் குடும்பத்தால் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள் கேட்டு வாங்கியது சம்மதமாகத் தெரியும். அவர்களுக்கு அது உத்தரவு.

குப்பத்தை அடியோடு ஒதுக்கிவிட்டுப் போவதும் வம்பு. நீங்கள் கிளம்பிய பிறகு "யாரை உள்ளே விட்டீங்க?" என்று கேள்வி இருளர் வாசலுக்குத்தான் வரும். எனவே குப்பத்து நிர்வாகிகளிடம் தகவலாகச் சொல்லுங்கள். இருளர்களிடம் அனுமதியாகக் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் நடக்கட்டும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. ஊர்க் கூட்டங்களில் பேசுவது ஆண்கள். ஆனால் கழியில் இறங்குவதில் பாதிப் பேர் பெண்கள். அவர்களோடு தனியாக உட்கார ஒரு மாலை ஒதுக்குங்கள், கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும். மூப்பர் தலையாட்டினார் என்பதற்காகத் தனி ஆள் ஒப்புதலை விட்டுவிடக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். நெறிகளே சொல்கின்றன.

ஒப்புதல் படிவம் எப்படி எழுதறது? எங்க காலேஜ் மாடல் நாலு பக்கம் இருக்கு.

இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். பெரிய எழுத்து. உரக்கப் படித்தால் ஏழெட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். என்ன ஆய்வு, யார் பணம், எத்தனை முறை வருவோம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், எதைப் பதிவு செய்வோம், அது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், என்ன கெடுதல் வரக்கூடும், பாதியில் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, புகாருக்கு யாருடைய போன் எண்: இவ்வளவுதான் உள்ளடக்கம். ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள், மழைக்குத் தாங்கும்.

"பங்கேற்பாளர் தன்னிச்சையாக எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவர்" என்று எழுதினால் படித்தவருக்கே இரண்டு தடவை படிக்க வேண்டும். "பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். உங்களுக்கு வர்ற ரேஷன், பட்டா, சர்டிபிகேட் எதுவும் இதனால நிக்காது" என்று எழுதுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். அதிகாரி மாதிரி உடுத்தி, கையில் பேப்பரோடு வருகிறவரை அவர்கள் அரசாங்க ஆள் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

படித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "நான் எதுக்கு வந்திருக்கேன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். "வீடு கட்டிக் குடுக்க" என்று பதில் வந்தால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

பேச ரெடியா இருக்காங்க, ஆனா கையெழுத்து போட மாட்டேங்கறாங்க. ஏன்?

திருவள்ளூர் மாவட்டத்தில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு என்று முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கிய இருளர் குடும்பங்கள் உண்டு. எழுதாத தாளில் கைநாட்டு வைத்ததால் வந்த வினை அது. அவர்கள் உங்கள் பேனாவைக் கண்டு தயங்கினால் அது அறியாமை இல்லை, அனுபவம்.

வாய்மொழி ஒப்புதலுக்குக் கமிட்டியிடம் முன்பே அனுமதி வாங்கி வையுங்கள். படிவத்தை ஒருவர் படிக்க, உங்கள் குழுவில் இல்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யலாம். சாட்சி அவர்களே தேர்ந்தெடுத்த ஆளாக இருக்கட்டும். பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், 12-க்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும்.

பணம் குடுக்கலாமா? லஞ்சம் மாதிரி ஆயிடாதா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்தால் அன்றைய இறால் போச்சு. ஒருமுறை தண்ணீரில் இறங்கினால் சராசரியாக என்ன கிடைக்கும் என்று ஐந்தாறு பேரிடம் விசாரித்து, அந்தத் தொகையை நேரத்துக்கு ஏற்பப் பிரித்துக் கணக்கிடுங்கள். கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, எல்லோருக்கும் ஒரே தொகையாக வையுங்கள். பேட்டியைப் பாதியில் நிறுத்தியவருக்கும் முழுத் தொகை. "முடிச்சாதான் பணம்" என்றால் அதுதான் வற்புறுத்தல். புடவை, அரிசி மூட்டை, கூடவே போட்டோ என்று போவதை விட்டுவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போனா ஆளுங்க இருப்பாங்க?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நீரோட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் வற்றும் நேரம்தான் இறங்கும் நேரம், அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு இருந்தார்கள் என்று அடுத்த வாரமும் 10 மணிக்குப் போனால் ஈயோட்ட வேண்டியதுதான். மாசி மகத்தை ஒட்டிப் பல குடும்பங்கள் கன்னியம்மாளைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடும். குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள்.

எங்களுக்கு ஆறு மாசம்தான் டைம். இதெல்லாம் நடக்கிற காரியமா?

புதிதாக ஒரு குடியிருப்புக்குள் போய்ப் பேட்டி எடுப்பது நடக்காது. அனுமதிகளுக்கே மூன்று நான்கு மாதம் ஆகிவிடும், மீதியில் அவசரம்தான் மிஞ்சும். ஏற்கனவே அங்கே பல வருடம் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து, அவர்களிடம் குவிந்திருக்கும் பதிவுகளை ஒழுங்குபடுத்தலாம். அரசாணைகள், தீர்ப்புகள், நீர்த்தர அறிக்கைகளைப் படித்து எழுதலாம். ஆறு மாதப் பட்டத்துக்காக யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

கூட்டாய்வுன்னா என்ன? அவங்க பசங்களையே சர்வே எடுக்க வெச்சா கூட்டாய்வா?

அது கூலிக்கு ஆள் வைப்பது. மூன்றைப் பாருங்கள்: கேள்வியை யார் முடிவு செய்தார்கள், பட்ஜெட்டை யார் பார்த்தார்கள், நிறுத்து என்றால் வேலை நிற்குமா? மூன்றுக்கும் "நாங்கதான்" என்று பதில் வந்தால் அட்டையில் கூட்டாய்வு என்று போடாதீர்கள்.

எடுத்துக்காட்டாக, "மாசு குறித்த விழிப்புணர்வு" என்று ஒரு தலைப்போடு போவது வழக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணியில் நாள் முழுக்க நிற்பவருக்கு என்ன விழிப்புணர்வு வேண்டியிருக்கிறது? அவர்கள் கேட்பது வேறு: எந்த இடத்தில் எந்த மாதத்திலிருந்து இறால் குறைந்தது, சுடுதண்ணி வந்து சேரும் இடத்தில் என்ன நின்றுபோனது, இதை யாராவது கணக்காக எழுதித் தருவார்களா என்பது. அதைச் செய்ய ஒரு நோட்டு, ஒரு ஸ்பிரிங் தராசு போதும். தேதி, இறங்கின இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், இறங்கின நேரம், ஏறின நேரம், இனவாரியாக எடை, விற்ற விலை. எழுதத் தெரிந்த ஒருவர் குடியிருப்பிலேயே எழுதுவார். நோட்டு அங்கேயே இருக்கும், உங்களுக்கு நகல். குறைந்தது 12 மாதம் ஓட்டினால்தான் பருவ மாற்றத்தையும் மாசையும் பிரித்துப் பார்க்க முடியும். இங்கே கெட்டுப்போவது தராசு: உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து எடை தப்பாகக் காட்டும். மாதம் ஒருமுறை ஒரு கிலோ படிக்கல் வைத்துச் சரிபாருங்கள்.

அவர்கள் அறிவை "உள்ளூர் நம்பிக்கை" என்று ஒரு பத்தியில் ஒதுக்குவதையும் நிறுத்தலாம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியிலிருந்து தரும் நஞ்சில்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அறிவைக் கொடுத்தவர் பெயர் கட்டுரையில் ஆசிரியராக வரலாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் தெரியவே கூடாது என்பார்கள்.

மூலிகை பத்தி ஒரு பாட்டி சொன்னாங்க. பேப்பர்ல போட்டுடலாமா?

பாட்டி சொன்னது பாட்டிக்கு மட்டும் சொந்தமா என்று முதலில் பாருங்கள். அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடிகளின் ஆரோக்கியப்பச்சை என்ற செடி இதற்குப் பாடம். 1987-ல் காணி வழிகாட்டிகள் காட்டிய அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் மருந்து உருவாக்கி, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் சொன்னது இரண்டு மூன்று பேர், மற்றக் காணிக்குடிகளையும் வைத்தியர்களையும் யாரும் கேட்கவில்லை என்ற மனக்குறை அதிலேயே எழுந்தது.

பல்லுயிர் பரவல் சட்டம் 2002-ன்படி வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது, ஆகவே தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. பத்திரிகையில் அச்சானது எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. சந்தேகம் இருந்தால் செடியின் பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள்.

ரத்தம், முடி சாம்பிள் எடுத்து ஈயம், பாதரசம் பாக்கலாமா?

மருத்துவப் பயன் அந்த மக்களுக்கே போய்ச் சேரும் ஆய்வாக இருந்தால் மட்டுமே பழங்குடியினரிடம் செய்யலாம் என்பது ஐ.சி.எம்.ஆர். நெறி. எனவே அளவு அதிகமாக வந்தால் எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு பார்க்கும் என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே ஊசியைத் தொடுங்கள். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்பதால் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களைச் சேர்க்காமலிருக்கக் கூடுதல் கவனம் வேண்டும்.

எடுத்த ரத்தத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவு நோயையும், அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தது தெரியவந்து, 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஒப்புதலில் "நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய" என்ற தொளதொளப்பான சொல் இருந்ததே வினை. "ஈயமும் பாதரசமும் மட்டும். மிச்சம் இன்ன தேதியில் அழிக்கப்படும்" என்று எழுதுங்கள்.

ஜிபிஎஸ் வெச்சு மேப் போடலாமா?

போடலாம், வெளியிடும்போது துல்லியத்தைக் குறையுங்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர் சுத்தமாக இடம் தெரியும். மூன்று என்றால் சுமார் 100 மீட்டர், இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர். இறால் நிறைய கிடைக்கும் இடம் ஐந்து இலக்கத்தில் இணையத்தில் வந்தால், அடுத்த மாதம் அங்கே பெரிய வலை நிற்கும். செல்போன் படங்களுக்குள்ளும் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அழித்துவிட்டுப் பகிருங்கள்.

பேரை மாத்திட்டோம். அது போதும்தானே?

முப்பது வீடுகள் உள்ள இடத்தில் "மூன்று பெண் பிள்ளைகள் உள்ள, கணவரை இழந்த 60 வயதுப் பெண்" என்று எழுதினால் பெயரே வேண்டாம், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். ஆதார் எண்ணை வாங்கவே வாங்காதீர்கள்.

யாரும் யோசிக்காத இன்னொரு கெடுதல் சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றை இங்கே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும், அதற்காக அலைகிற இருளர் குடும்பங்கள் ஏராளம். 1994-ல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த சரிபார்ப்பு முறையில், விண்ணப்பித்தவரின் திருமணம், சாவுச் சடங்கு போன்றவை அந்தப் பழங்குடியின் வழக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் ஒரு பகுதி. அது மட்டுமே உரைகல் ஆகாது என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் "இவர்கள் தம் பழைய வழக்கங்களை முற்றிலும் கைவிட்டுவிட்டனர்" என்று நீங்கள் அழகுக்காக எழுதும் ஒரு வரி, நாளை ஒரு பிள்ளையின் சான்றிதழ் கோப்பில் எதிராக வந்து உட்காரலாம்.

ரகசியம்னு சொல்லித்தான் பேச வெச்சோம். இப்போ கொத்தடிமையா இருக்கறது தெரிய வந்தா?

அதனால்தான் "எல்லாமே ரகசியம்" என்று முதலிலேயே வாக்குக் கொடுக்கக் கூடாது. எந்த இரண்டு விஷயத்தில் வாயை மூட முடியாது என்பதைப் படிவத்தைப் படிக்கும்போதே சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டம் 2012-ன்படி புகார் செய்வது கட்டாயம். கொத்தடிமை முறையோ 1976-லேயே ஒழிக்கப்பட்ட குற்றம். மாவட்ட ஆட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்து மீட்டு விடுதலைச் சான்று தர வேண்டும்.

ஆனால் ஓடிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். மீட்பு நாளில் குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களும் ஒரே இடத்தில் இல்லையென்றால் மிச்சம் இருப்பவர் முதலாளி கையில் சிக்குவார். விடுதலைச் சான்று கைக்கு வராமல் வெறுமனே வெளியே வந்தால் நிவாரணமும் கிடைக்காது, முன்பணக் கடனும் துரத்தும். அந்தக் குடும்பத்தோடு பேசி, இந்த வேலையில் பழகிய அமைப்பைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முடிவைப் படிச்சுக் காட்டினோம். ஒரு பகுதியை எடுக்கச் சொல்றாங்க. எடுக்கணுமா?

எதை என்பதைப் பொறுத்தது. தகவல் பிழை என்றால் திருத்துங்கள். ஆளை அடையாளம் காட்டும் வரி, ரகசிய இடம், சடங்கு என்றால் மறுபேச்சில்லாமல் எடுங்கள். ஒருவர் தன் பேட்டியையே திரும்பக் கேட்டால் அதுவும் அவர் உரிமை. சங்கடமான கண்டுபிடிப்பு என்றால், உதாரணமாகக் குடிப்பழக்கமோ வீட்டுக்குள் அடியோ என்றால், எண்ணிக்கையை மாற்றக் கூடாது. அவர்களின் மறுப்பையும் காரணத்தையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். இந்த வகைகளையெல்லாம் தொடக்கத்திலேயே ஒரு பக்க உடன்படிக்கையாக எழுதிவைத்திருந்தால் கடைசியில் சண்டை வராது. படித்துக்காட்டியபின் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டு வரும் பதில்தான் பதில்.

"பத்து பேர் வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க, நீ என்ன புதுசா?"ன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?

நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவியது, அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்தது. இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் கேள்வித்தாளோடு ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். போகும் முன் அந்த இடத்தைப் பற்றி வெளிவந்த பழைய அறிக்கைகளைத் தேடி அச்செடுத்து, முதல் நாள் அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "இதுல என்ன தப்பு, என்ன விட்டுப்போச்சு" என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கு அந்த அறிக்கைகளிலேயே பதில் இருந்தால் திரும்ப அதே கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை.

அதற்கும் மேல் "வேணாம்பா" என்றால், சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் வேறு ஆளை அனுப்பிக் கேட்பது கூடாது. மறுத்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்புங்கள். குடியிருப்பின் பெயரை அதில் குறிப்பிட வேண்டாம். மாற்றுத் தலைப்பு ஒன்றை வழிகாட்டியிடம் முதல் மாதமே ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பட்டம் அவர்கள் தலையாட்டலில் தொங்கும், அப்புறம் நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும்.